சி நிரலில் ஃபைல் பிழைகள் ஏன் தாமதமாக வந்து சேர்கின்றன?

கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு சி நிரல் நாள்கணக்கில் ஓடிக்கொண்டே கருவிகளிலிருந்து வரும் அளவீடுகளை ஒரு ஃபைலில் வரிவரியாக எழுதுகிறது. கரண்ட் போனாலோ நிரல் இடையில் செத்தாலோ கடைசி வரிகளைக் காணோம். போதாக்குறைக்கு, சில நாள் ஓடிய பிறகு, ஃபைலைத் திறக்கும் எஃப்ஓப்பன் திடீரென்று நல் திருப்புகிறது, அதாவது திறக்க முடியவில்லை என்கிறது. எழுதுவதைச் சேர்த்து வைக்கும் தற்காலிக இடமான பஃபரையே எடுத்துவிடு என்று ஒருவர் சொல்கிறார், வரிக்கு வரி எஃப்ஃப்ளஷ் போட்டுப் பஃபரைக் காலி செய் என்று இன்னொருவர் சொல்கிறார். எதைச் செய்வது?

இரண்டு யோசனையும் பாதித் தூரம்தான் கூட வரும். ஃபைலில் எழுதும் எஃப்பிரின்ட்எஃப் வெற்றி என்று சொல்லும்போது உங்கள் எழுத்துகள் பெரும்பாலும் உங்கள் நிரலின் சொந்த நினைவகத்தைக்கூடத் தாண்டியிருக்காது. டிஸ்க் நிரம்பிக் கிடந்தாலும் அது வெற்றி என்றுதான் சொல்லும். பஃபர் நிறையும்போது, அல்லது ஃபைலை மூடும்போது யாருமே திருப்பு மதிப்பைப் பார்க்காத எஃப்குளோஸில், அந்தப் பிழை வந்து விழும். பஃபர் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பது அப்புறம் பார்க்கவேண்டிய விஷயம். பிழை வந்தால் அதை நிரலின் எந்த இடத்தில் வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் கிளைக்கின்றன.

முதலில் திறப்பது. நல் வந்ததா என்று பார்க்க எல்லோருக்கும் தெரியும். பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் நிரல்கள் தடுமாறுகின்றன. காரணம், பிழை எண்ணை வைத்திருக்கும் எர்நோவில் இருக்கும். சி தரநிலை எஃப்ஓப்பன் எர்நோவை நிரப்பியே ஆகவேண்டும் என்று கட்டாயப்படுத்துவதில்லை, யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸ் கட்டாயப்படுத்துகிறது. எனவே லினக்ஸ், மேக்ஓஎஸ் போன்றவற்றில் தாராளமாக நம்பலாம். ஆனால் அதை உடனே ஒரு மாறியில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். 'திறக்க முடியவில்லை' என்று லாக் எழுதப்போகும் அந்த எஃப்பிரின்ட்எஃப்பே எர்நோவை மாற்றிவிடக்கூடும். பிறகு சம்பந்தமில்லாத ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு தேடிக்கொண்டிருப்பீர்கள்.

எர்நோவின் மதிப்பைப் பொறுத்து நடவடிக்கை மாறவேண்டும். ஃபைலே இல்லை என்றால் அது பிழையாகவே இல்லாமல் இருக்கலாம், முதல் முறை ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டு புதிதாக உருவாக்கலாம். அனுமதி இல்லை என்றால் எத்தனை முறை முயன்றாலும் ஒன்றும் மாறாது, மனிதர் ஒருவர் வந்து பார்க்கவேண்டும். சிக்னல் குறுக்கிட்டதால் தோற்றது என்றால் மறுபடி அழைத்தால் போதும். ஃபைல் சிஸ்டம் படிக்க மட்டும்தான் என்று வந்தால் கொஞ்சம் பயப்படுங்கள். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டம் தனக்குள் ஏதோ கெட்டுப்போனதைக் கண்டதும் தன்னைப் படிக்க மட்டும் என்று மாற்றிக்கொள்ளும்படி அமைக்கப்பட்டிருக்கலாம், அப்படியானால் டிஸ்க்கே சாகக் கிடக்கலாம். எல்லாவற்றுக்கும் ஒரே பதிலாக ஒரு விநாடி தூங்கி மறுபடி முயல்வது என்று எழுதி வைப்பதை நான் பிழை தாங்கும் நிரல் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதேபோல 'திறக்கவில்லையா, வெளியேறு, மேலே இருக்கும் கண்காணிப்பு நிரல் மறுபடி கிளப்பிக்கொள்ளும்' என்பதும் எப்போதும் எடுபடாது. 2004 ஜனவரியில் செவ்வாயில் இறங்கியிருந்த ஸ்பிரிட் ஊர்திக்கு நடந்தது இதுதான். ஃப்ளாஷ் நினைவகத்தில் ஃபைல்கள் மிக அதிகமாகச் சேர்ந்திருந்தன. அந்த ஃபைல் சிஸ்டத்தை இணைக்கப் போதிய நினைவகம் கிடைக்கவில்லை, கணினி மறுதொடக்கம் ஆனது. கிளம்பியதும் அதே ஃபைல் சிஸ்டத்தை இணைக்கப் போனது, மறுபடியும் விழுந்தது. ஃப்ளாஷைத் தொடாமலே கிளம்பும்படி பூமியிலிருந்து கட்டளை அனுப்பிய பிறகுதான் அந்தச் சுழல் நின்றது. உங்கள் நிரலும் ஃபைல் இல்லாமல் குறைந்தபட்ச வேலையையாவது செய்யும் ஒரு நிலையை வைத்திருக்கவேண்டும். அளவீடுகளைக் கொஞ்ச நேரம் நினைவகத்திலேயே வைத்துக்கொள்ளலாம், அல்லது வேறொரு பாதையில் எழுதலாம்.

சரி, சில நாள் கழித்து நல் வருகிறதே, அதற்கு வருவோம். நீண்ட நேரம் ஓடும் நிரலில் இப்படி வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது ஈஎம்ஃபைல், அதாவது உங்கள் ப்ராசஸ் (ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) திறந்து வைத்திருக்கக்கூடிய ஃபைல்களின் எண்ணிக்கை தீர்ந்துவிட்டது. லினக்ஸில் வழக்கமாக இந்த வரம்பு 1024. எங்கேயோ திறந்ததை மூடாமல் விடுகிறீர்கள். பெரும்பாலும் நடுவில் ஒரு பிழை வந்து, ரிட்டர்ன் போட்டு வெளியேறும் பாதையில்தான் அது இருக்கும். ப்ராக் டைரக்டரியில் உங்கள் ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே எஃப்டி என்று ஒரு டைரக்டரி இருக்கும். நிரல் ஓடும்போதே அதைப் பட்டியலிட்டுப் பாருங்கள், எந்தப் பெயர் நூற்றுக்கணக்கில் திரும்பத் திரும்ப வருகிறதோ அதுதான் குற்றவாளி.

இதற்குச் சி மொழியில் பழகிப்போன வழி, வேறு இடத்துக்குத் தாவும் கட்டளையான கோட்டூ. ஆமாம், கோட்டூதான். ஃபங்ஷனின் தொடக்கத்திலேயே எல்லா ஃபைல் சுட்டிகளுக்கும் நல் கொடுத்துவிட்டு, எங்கே பிழை வந்தாலும் கடைசியில் உள்ள ஒரே சுத்தம் செய்யும் பகுதிக்குத் தாவுங்கள். அங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஃப்ரீ ஃபங்ஷனுக்கு நல் கொடுத்தால் அது பேசாமல் இருக்கும், எஃப்குளோஸ் அப்படி இல்லை. நல் கொடுத்தால் என்ன நடக்கும் என்று தரநிலை சொல்லவில்லை, நடைமுறையில் நிரல் விழுந்துவிடும். ஆகவே மூடுவதற்கு முன் சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரல் வேறு நிரல்களைக் கிளப்புகிறது என்றால் திறந்த ஃபைல்கள் அவற்றுக்கும் போய்ச் சேரும். குனு சி நூலகத்தில் திறக்கும் முறையோடு 'ஈ' என்ற எழுத்தையும் சேர்த்தால் புதிய நிரல் கிளம்பும்போது அது தானாக மூடிக்கொள்ளும்.

திறக்கும் முறைகளில் மிக ஆபத்தானது எழுதத் திறக்கும் 'டபிள்யூ'. நீங்கள் ஒரு எழுத்து எழுதுவதற்கு முன்பே, திறந்த நொடியிலேயே, பழைய உள்ளடக்கம் போய்விடுகிறது. அடுத்த வரியில் நிரல் செத்தால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஏற்கெனவே இருக்கும் ஃபைலை அழிக்கக்கூடாது என்றால் சி11-இல் வந்த 'டபிள்யூ எக்ஸ்' முறை இருக்கிறது. ஃபைல் இருந்தால் திறக்க மறுத்துவிடும். இருக்கிறதா என்று முதலில் சோதித்துவிட்டு, பிறகு திறப்பது ஓட்டைதான். இரண்டு வரிகளுக்கும் நடுவில் இன்னொரு ப்ராசஸ் அந்த ஃபைலை உருவாக்கிவிடலாம். சோதனையும் திறப்பும் ஒரே அழைப்பில் நடக்கவேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம். லினக்ஸில் ஒரு டைரக்டரியைப் படிக்கும் 'ஆர்' முறையில் எஃப்ஓப்பன் செய்தால் வெற்றியே கிடைக்கும், படிக்கப் போகும்போதுதான் அது டைரக்டரி என்று பிழை வரும். பெயருள்ள பைப்பைத் திறந்தால் மறுமுனையில் யாராவது வரும்வரை நிரல் அங்கேயே நிற்கும். பாதையை வெளியாள் கொடுக்கிறார் என்றால், திறந்தது சாதாரண ஃபைல்தானா என்று எஃப்ஸ்டாட் மூலம் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். பைப்பில் மாட்டும் அபாயம் இருந்தால் எஃப்ஓப்பனை விட்டுவிட்டு, காத்திருக்காதே என்னும் நான்பிளாக் கொடியோடு ஓப்பனைப் பயன்படுத்தி, அது தரும் ஃபைல் எண்ணை எஃப்டிஓப்பனிடம் கொடுங்கள்.

இப்போது பஃபர். நீங்கள் எழுதும் தகவல் மூன்று இடங்களில் தங்கிப் போகிறது. முதலாவது உங்கள் ப்ராசஸுக்குள் சி நூலகம் வைத்திருக்கும் பஃபர். இரண்டாவது கெர்னலின், அதாவது இயங்குதள மையத்தின், பேஜ் கேஷ். மூன்றாவது டிஸ்க்கின் உள்ளேயே இருக்கும் கேஷ். எந்த விபத்தில் எது போகும் என்பது தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். நிரல் மட்டும் செத்தால் முதலாவது மட்டும்தான் போகும், கெர்னலுக்குப் போய்ச் சேர்ந்தது பிழைத்துக்கொள்ளும். கரண்ட் போனால் மூன்றுமே போகலாம். லினக்ஸின் வழக்கமான அமைப்பில் அழுக்கான பக்கம் ஒன்று, அதாவது மாறியும் டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாத நினைவகப் பகுதி, டிஸ்க்குக்கு அனுப்பப்படாமல் 30 விநாடி வரை காத்திருக்கலாம்.

பஃபரை எடுத்துவிட்டாலும் சரி, வரிக்கு வரி எஃப்ஃப்ளஷ் போட்டாலும் சரி, இரண்டும் முதல் இடத்தை மட்டுமே காலி செய்கின்றன. நிரல் செத்தால் வரிகள் தப்பும், கரண்ட் போனால் தப்பாது. அதற்கு எஃப்சிங்க் வேண்டும். வரிசையும் முக்கியம். எஃப்ஃப்ளஷ் செய்யாமல் எஃப்சிங்க் மட்டும் அழைத்தால் கெர்னலிடம் இருப்பதுதான் டிஸ்க்குக்குப் போகும், நூலகத்தின் பஃபரில் உட்கார்ந்திருப்பது அங்கேயே இருக்கும். மேக்ஓஎஸ்ஸில் எஃப்சிங்க்கூட டிஸ்க்கின் உள் கேஷை வெளியேற்றுவதில்லை, எஃப்கண்ட்ரோலில் ஃபுல்எஃப்சிங்க் என்ற தனிக் கட்டளை இருக்கிறது.

பஃபரின் இயல்பை மாற்றுவது செட்விபஃப். முழுப் பஃபர், வரிப் பஃபர், பஃபரே இல்லை என்று மூன்று வகை. திறந்தவுடன், வேறெந்தச் செயலும் செய்வதற்கு முன் அழைக்கவேண்டும். பஃப்சைஸ் என்ற மாறிலி குறைந்தது 256 இருக்கவேண்டும் என்பது தரநிலை, குனு நூலகத்தில் அது 8192. ஆனால் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அந்த நூலகம் ஃபைல் சிஸ்டம் பரிந்துரைக்கும் பிளாக் அளவை எடுத்துக்கொள்கிறது, பெரும்பாலும் 4096. உங்கள் சொந்த அணியைப் பஃபராகக் கொடுப்பதாக இருந்தால் அதன் ஆயுளைக் கவனியுங்கள். ஃபங்ஷனுக்குள் இருக்கும் உள்ளூர் அணியைக் கொடுத்துவிட்டு, ஸ்ட்ரீமை (எஃப்ஓப்பன் திருப்பிய திறந்த ஃபைலை) மூடாமல் அந்த ஃபங்ஷனிலிருந்து வெளியே வந்தால் நூலகம் செத்துப்போன நினைவகத்தில் எழுதிக்கொண்டிருக்கும். மெயினில் வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் மெயின் முடிந்த பிறகுதான் எக்ஸிட் பஃபர்களைக் காலி செய்கிறது. அணியை ஸ்டாட்டிக் ஆக்குங்கள், அல்லது நல் கொடுத்து நூலகத்தையே ஒதுக்கச் சொல்லுங்கள். செட்விபஃப்பும் தோற்கலாம், அதன் திருப்பு மதிப்பைப் பார்ப்பவர்கள் அபூர்வம்.

திரையில் பார்க்கும்போது சரியாக வந்த லாக், பைப்பிலோ ஃபைலிலோ திருப்பிவிட்டால் கடைசி வரிகள் இல்லாமல் வருவதும் இதனால்தான். ஸ்டேண்டர்ட் அவுட்புட் டெர்மினலோடு இணைந்திருந்தால் வரிப் பஃபர், இல்லாவிட்டால் முழுப் பஃபர். எக்ஸிட் பஃபர்களைக் காலி செய்துவிட்டுப் போகும். அடிக்கோடு எக்ஸிட் (_exit) செய்யாது, அபார்ட் செய்யும் என்று நம்பக்கூடாது, செக்மென்டேஷன் ஃபால்ட்டும் கில் 9-உம் நிச்சயம் செய்யாது. ப்ராசஸைப் பிரதியெடுக்கும் ஃபோர்க்கைச் செய்தால் நிரம்பாத பஃபரும் பிரதியாகி, ஒரே வரி இரண்டு முறை ஃபைலில் வரும். ஃபோர்க்குக்கு முன் எஃப்ஃப்ளஷ், குழந்தை ப்ராசஸில் அடிக்கோடு எக்ஸிட் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை.

பல ப்ராசஸ்கள் ஒரே லாக்கில், கடைசியில் சேர்க்கும் 'ஏ' முறையில் எழுதினால் எதுவும் கலக்காது என்று பலர் நினைக்கிறார்கள். கெர்னலுக்குப் போகும் ஒவ்வொரு ரைட்டும் கடைசியில் சேரும், அது உண்மை. ஆனால் முழுப் பஃபரில் அந்த ரைட் வரியின் எல்லையில் நிகழ்வதில்லை, பஃபர் நிறையும் இடத்தில் நிகழ்கிறது. 4096-ஆவது பைட் ஒரு வரியின் நடுவில் விழுந்தால், அந்தப் பாதி வரிக்குப் பின்னால் அடுத்த ப்ராசஸின் வரி வந்து ஒட்டிக்கொள்ளும். இங்கே வரிப் பஃபர்தான் பொருத்தம். விநாடிக்குச் சில வரிகள் எழுதும் நிரலுக்கு அதன் செலவு கண்ணுக்கே தெரியாது.

பிழைகளைப் பிடிப்பதற்கு வருவோம். ஒவ்வொரு எஃப்பிரின்ட்எஃப்பின் கீழும் ஒரு இஃப் போட்டுக் குவிக்கத் தேவையில்லை. ஸ்ட்ரீமில் பிழைக் கொடி ஒன்று இருக்கிறது, ஒருமுறை ஏறினால் கிளியர்எர் அல்லது ரீவைண்ட் அழைக்கும்வரை இறங்காது. ஒரு பதிவின் எல்லாப் பகுதிகளையும் எழுதிவிட்டு, எஃப்ஃப்ளஷ் செய்து, அதன் திருப்பு மதிப்பையும், கொடியைச் சொல்லும் எஃப்எரரையும் அந்த ஒரே இடத்தில் பாருங்கள். முதலில் சொன்னேனே, பிழையை வாங்கிக்கொள்ளும் இடம், அது இதுதான். இதற்கு ஒரு விலை உண்டு. கொடி பிழை வந்ததா என்று மட்டும் சொல்லும், எர்நோ அதற்குள் மாறியிருக்கலாம். தோற்ற எஃப்ஃப்ளஷுக்குப் பிறகு எத்தனை பைட் உள்ளே போனது என்பதும் உங்களுக்குத் தெரியாது. அதைத் துல்லியமாக அறியவேண்டிய நிரல் நூலகப் பஃபரை விட்டுவிட்டு ரைட்டை நேரடியாக அழைத்து, அது திருப்பும் எண்ணிக்கையைக் கணக்கில் வைத்துக்கொள்ளவேண்டும்.

எஃப்குளோஸ் தோற்றால் மறுபடி அழைக்காதீர்கள். வெற்றியோ தோல்வியோ, அந்த ஸ்ட்ரீம் அதோடு முடிந்தது. இரண்டாவது அழைப்பு இல்லாத பொருளைத் தொடுகிறது. மூடும்போது வரும் பிழையைச் சரிசெய்ய உங்கள் கையில் எதுவும் மிஞ்சியிருக்காது என்பதால், முக்கியமான ஃபைலில் எஃப்ஃப்ளஷ், எஃப்சிங்க், எஃப்குளோஸ் மூன்றையும் தனித்தனியாக அழைத்துத் தனித்தனியாகச் சோதிப்பேன்.

எஃப்சிங்க் தோற்றால் என்ன செய்வது? இன்னொரு முறை அழைப்போம் என்பதுதான் இயல்பாகத் தோன்றும். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளமும் பல ஆண்டுகள் அப்படித்தான் நம்பியது. 2018-இல்தான் விஷயம் பெரிதாக வெளியே வந்தது. டிஸ்க்குக்கு எழுதுவது தோற்றால் லினக்ஸ் கெர்னல் ஒருமுறை பிழையைச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கங்களைச் சுத்தமானவை என்று குறித்துவிடுகிறது. அடுத்த எஃப்சிங்க் வெற்றி என்று திரும்பும், தகவலோ டிஸ்க்கில் இருக்காது. 2019 பிப்ரவரியில் வந்த வெளியீடுகளில், எஃப்சிங்க் தோற்றால் உடனே விழுந்து, பதிவேட்டிலிருந்து மீண்டு எழும்படி போஸ்ட்கிரெஸ் மாற்றப்பட்டது. நாமும் அதையே பின்பற்றலாம். எஃப்சிங்க் தோற்றதா, அந்த ஃபைலில் கடைசி வெற்றிக்குப் பிறகு எழுதியது எதையும் நம்பாதீர்கள். நினைவகத்தில் மூலம் இன்னும் இருந்தால் வேறு ஃபைலில் முழுவதும் புதிதாக எழுதுங்கள்.

அமைப்புகள், கடைசி நிலை போன்ற சின்ன ஃபைல்களை இருக்கும் இடத்திலேயே திருத்தி எழுதவே கூடாது. அதே டைரக்டரியில் ஒரு தற்காலிக ஃபைலை எம்கேஎஸ்டெம்ப் கொண்டு உருவாக்கி, எஃப்டிஓப்பன் மூலம் ஸ்ட்ரீமாக்கி எழுதி, எஃப்ஃப்ளஷ், எஃப்சிங்க், எஃப்குளோஸ் முடித்து, பழைய பெயருக்கு ரீநேம் செய்யுங்கள். படிப்பவர் கண்ணுக்குப் பழையது முழுதாகத் தெரியும், அல்லது புதியது முழுதாகத் தெரியும். ரீநேம் நிலைக்க, அந்த டைரக்டரியையும் திறந்து எஃப்சிங்க் செய்யவேண்டும். தற்காலிக ஃபைல் வேறு ஃபைல் சிஸ்டத்தில் இருந்தால் ரீநேம் மறுத்துவிடும், அதனால்தான் அதே டைரக்டரி என்றேன். எம்கேஎஸ்டெம்ப் 0600 அனுமதியோடு உருவாக்கும், பழைய ஃபைலின் அனுமதி வேறாக இருந்தால் எஃப்சிஎச்மாட் போட மறக்காதீர்கள். நடுவில் இருக்கும் எஃப்சிங்க்கைச் சிக்கனம் பிடிக்கப் பலருக்கு ஆசை வரும். 2009-இல் ஈஎக்ஸ்டி4 பரவத் தொடங்கியபோது அப்படிச் சிக்கனம் பிடித்த நிரல்களின் ஃபைல்கள் கணினி விழுந்து எழுந்ததும் பூஜ்ய பைட்டாகக் கிடந்தன. பெயர் மாற்றம் டிஸ்க்குக்குப் போயிருந்தது, உள்ளடக்கத்துக்கு இடமே ஒதுக்கப்படவில்லை. கெர்னல் 2.6.30-இல் இதற்கு ஒரு தணிப்பு சேர்த்தார்கள், என்றாலும் எல்லா ஃபைல் சிஸ்டமும் அந்தத் தயவைக் காட்டும் என்று எதிர்பார்க்க முடியாது.

உங்கள் அளவீட்டு நிரலுக்கு நான் செய்வது இப்படி இருக்கும். 'ஏ' முறையில் ஒருமுறை திறந்து, திறந்தபடியே வைத்திருப்பேன், வரிக்கு வரி திறந்து மூட மாட்டேன். வரிப் பஃபர் வைப்பேன். எத்தனை விநாடித் தகவலை இழந்தால் தாங்கும் என்று முடிவுசெய்து அந்த இடைவெளியில் எஃப்சிங்க் அழைப்பேன். வரிக்கு வரி எஃப்சிங்க் போட்டால் நிரலின் வேகத்தை டிஸ்க் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். ஒவ்வொரு வரியின் கடைசியிலும், வரி கெட்டிருக்கிறதா என்று கண்டுபிடிக்க உதவும் சிஆர்சி எண் ஒன்று சேர்ப்பேன். கரண்ட் போய் வந்த பிறகு கடைசி வரி அரைகுறையாகவோ, பூஜ்ய பைட்டுகளாகவோ இருக்கலாம். தொடங்கும்போது ஃபைலின் கடைசிப் பகுதியைப் படித்து, சிஆர்சி பொருந்தும் கடைசி வரியோடு ஃபைலை வெட்டிவிட்டுத் தொடர்ந்தால், கெட்ட பாதி வரியோடு நல்ல வரி போய் ஒட்டாது. படிக்கும் சுற்றில், ஃபைல் முடிந்ததா என்று சொல்லும் எஃப்இஓஎஃப்பை நிபந்தனையாக வைக்கவேண்டாம். வரி படிக்கும் எஃப்கெட்ஸின் திருப்பு மதிப்பை வைத்துச் சுற்றிவிட்டு, வெளியே வந்ததும் நின்றது ஃபைல் முடிந்ததாலா, பிழையாலா என்று எஃப்எரரைக் கேளுங்கள். இல்லாவிட்டால் டிஸ்க்கின் ஒரு கெட்ட இடத்தை ஃபைலின் முடிவு என்று எண்ணி, அதற்குப் பின்னால் இருக்கும் நல்ல வரிகளையும் சேர்த்து வெட்டிவிடுவீர்கள்.

இதையெல்லாம் சோதிக்க டிஸ்க் நிரம்பும்வரை காத்திருக்கவேண்டாம். லினக்ஸில் டெவ் டைரக்டரியில் ஃபுல் என்று ஒரு சாதனம் உண்டு. திறக்கும், ஆனால் எது எழுதினாலும் இடமில்லை என்று மறுக்கும். உங்கள் வெளியீட்டை அதற்குத் திருப்பிவிட்டு, நிரல் பூஜ்யம் திருப்பி வெற்றி என்று முடிகிறதா என்று பாருங்கள். எக்கச்சக்கமான நிரல்கள் இதிலேயே மாட்டிக்கொள்ளும். யூலிமிட் கட்டளையில் திறந்த ஃபைல்களின் வரம்பை 10-க்குக் குறைத்தால் ஈஎம்ஃபைல் பாதை சில நிமிடங்களில் வெளிப்படும். ஃபைல் அளவு வரம்பையும் அதே கட்டளையில் குறைக்கலாம். ஆனால் வரம்பைத் தாண்டினால் முதலில் ஒரு சிக்னல் வந்து நிரலைக் கொன்றுவிடும். சிக் எக்ஸ்எஃப்எஸ்இசட் என்ற அந்தச் சிக்னலைப் புறக்கணிக்கச் சொன்னால்தான் ரைட் தோற்று, பிழை உங்கள் கைக்கு வரும்.